நெல் விலையை யார் இறக்கினது?

அன்புள்ள சார்,

தேவகோட்டை எங்கள் ஊர். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 66. அந்தப் பெரிய வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். போன மாதம் எதிர்வீட்டில் தரைக்கல் பதிக்க வந்திருந்த ஒடிசாப் பையன்கள் இருவர் எங்கள் வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார்கள். அப்பா கத்தி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார். அதோடு விடாமல் ஜன்னல் வழியாக அவர்களைப் படம் பிடித்து, 'வீட்டை நோட்டம் பார்க்கிறார்கள், உஷார்' என்று எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார்.

நான் போனில் பிடித்துக் கத்தினேன். 'உங்களை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரமாகப் பேச்சில்லை. வங்கி வேலையில் பல ஊர் பார்த்தவர் அவர். யாரையும் ஒருமையில் பேசக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். இப்போது தேர்தல் பேச்சு வந்தால், 'இவனுங்களை விரட்டுகிறவனுக்குத்தான் என் ஓட்டு' என்கிறார். பயந்த சுபாவக்காரர்கள் பிறவியிலேயே அந்த மாதிரி அரசியல் பக்கம்தான் சாய்வார்கள், மூளை அமைப்பே அப்படி என்று எங்கோ படித்தேன். அது உண்மையா சார்? உண்மையென்றால் நான் பேசித்தான் என்ன ஆகப்போகிறது?

(பெயர் வேண்டாம்.)

*

அன்புள்ள தங்கைக்கு,

அந்தப் படம் இன்னும் குழுவில் இருக்கிறதா? இருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, குழுவை நடத்துகிறவருக்குப் போன் போட்டு அதை எடுக்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இவ்வளவு அவசரப்படுவதற்குக் காரணம் 2018 மே மாதம். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று அப்போது வட மாவட்டங்களில் போனுக்குப் போன் செய்தி பரவியது. போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் நின்றது. அதிலிருந்த வயதான அம்மா அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. ஊர் திரண்டு அடித்ததில் அவர் செத்துப்போனார். அடித்தவர்களில் பெரும்பாலோர் அன்று காலை வரை யாரையும் கை நீட்டாதவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். நாடு முழுக்க இப்படிப் பல கொலைகள் விழுந்த பிறகுதான், அந்த ஆண்டு ஜூலையில், வந்த ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கோ 5 குழுக்களுக்கோ மேல் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. உங்கள் தெருக் குழுவுக்கு அந்தக் கட்டுப்பாடு ஒன்றும் செய்யாது. ஒரு தடவை போட்டாலே மொத்தத் தெருவும் பார்த்துவிடும்.

சரி, மூளை விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் படித்த கட்டுரையின் மூலம் 2008-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரத்தில் 46 பேரிடம் நடத்தியது. திடீர்ச் சத்தத்துக்கும் பயங்கரமான படங்களுக்கும் யார் உடம்பு அதிகமாகத் திடுக்கிடுகிறதோ, அவர்கள் ராணுவச் செலவு, மரண தண்டனை போன்றவற்றை அதிகம் ஆதரிக்கிறார்கள் என்றது. உலகம் பூராவும் இதை எடுத்து எழுதினார்கள். 2020-ல் வேறு ஆய்வாளர்கள் இன்னும் அதிகம் பேரை வைத்து, அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் அதையே திரும்பச் செய்து பார்த்தார்கள். அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை. முதல் செய்தி போன தூரத்தில் கால்வாசி கூட இது போகவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்த 46 பேரை வைத்து உங்கள் அப்பாவை எழுதித் தள்ளிவிடாதீர்கள்.

நம்பத்தகுந்ததாக நான் நினைப்பது வேறொன்று. பயத்தையும் கோபத்தையும் நாம் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். இரண்டிலும் நெஞ்சு படபடக்கும், இரண்டிலும் கை நடுங்கும். ஆனால் மனசுக்குள் இரண்டும் செய்கிற வேலை வேறு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஜெனிபர் லெர்னர் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான அமெரிக்கர்களை ஆராய்ந்தார்கள். ஒரு பகுதியினரிடம் அந்தத் தாக்குதலில் எது உங்களைப் பயப்படுத்துகிறது என்று எழுதச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினரிடம் எது கோபப்படுத்துகிறது என்று எழுதச் சொன்னார்கள். நடந்தது ஒரே சம்பவம். பயத்தை எழுதியவர்களுக்கு வரப்போகிற ஆபத்து பெரிதாகத் தெரிந்தது, ஜாக்கிரதையாக இருக்க நினைத்தார்கள். கோபத்தை எழுதியவர்களுக்கு அதே ஆபத்து சின்னதாகத் தெரிந்தது, தண்டிக்கிற நடவடிக்கைகளைக் கூடுதலாக ஆதரித்தார்கள்.

ஜார்ஜ் மார்கஸ் என்ற அரசியல் அறிஞர் பல வருஷங்களாகச் சொல்லிவருவதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. கவலைப்படுகிற வாக்காளர் பழைய பழக்கத்தை விட்டுக் கொஞ்சம் நின்று விசாரிப்பார், புதிதாகத் தகவல் தேடுவார். வெறுப்பும் கோபமும் ஏறியவர் ஏற்கெனவே இருக்கிற முடிவை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். நம்மிடம் இதற்குப் பழமொழிகளே இருக்கின்றன. மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மிரண்டவன் குறைந்தபட்சம் அது என்ன என்று உற்றுப் பார்க்கிறான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, அவன் பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

பயம் எப்போது கோபமாக மாறுகிறது என்பதுதான் நம் காலத்து அரசியலின் முக்கியமான இடம் என்று நினைக்கிறேன். இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன் என் ஐயாவிடம் கேட்டிருக்கிறேன்.

ஐயா, அதாவது என் அப்பாவைப் பெற்றவர், 1929-ல் 17 வயதில் பர்மாவுக்குப் போனார். ஐராவதிக் கழிமுகத்தில் ஒரு சின்ன ஊரில், நம் பக்கத்துச் செட்டியார் ஒருவரின் வட்டிக்கடையில் கணக்கு எழுதுகிற வேலை. மூன்று வருஷக் கணக்கு என்று சொல்லிப் போனவர். அவர் போன அடுத்த வருஷம் மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் கலவரம். கூலி உயர்வு கேட்டுத் தெலுங்குத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்ய, மூட்டை ஏற்றுகிற நிறுவனங்கள் பர்மியர்களை வேலைக்கு எடுத்தன. பேச்சுவார்த்தை முடிந்து பழைய ஆட்கள் திரும்பியதும் பர்மியர்களைப் போகச் சொல்லிவிட்டன. துறைமுகத்தில் ஆரம்பித்த கைகலப்பு ஊருக்குள் பரவி நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் இந்தியக் கூலிகள். இரண்டு பக்கமும் வயிற்றுக்குப் பயந்தவர்கள். முடிவெடுத்த நிறுவனக்காரர்கள் அந்தத் தெருவிலேயே இல்லை.

ஐயா பர்மாவைப் பற்றிப் பேசினால் வழக்கமாக அது கோபக் கதைதான். 1941 டிசம்பரில் ரங்கூன் மீது ஜப்பான் குண்டு போட்டதும், ஏறத்தாழ 5 லட்சம் இந்தியர்கள் கடலிலும் காட்டு வழியிலுமாக வெளியேறினார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்தார்கள். ஐயா தமு என்ற எல்லை ஊர் வழியாக மணிப்பூருக்கு நடந்து வந்தவர். கால் ஆணி தெரிய உட்கார்ந்துகொண்டு, 'நன்றி கெட்ட ஊருடா அது' என்பார். செட்டிநாட்டில் பல வீடுகளில் இந்தக் கதை இப்படித்தான் சொல்லப்படும். வீட்டுத் தேக்குத் தூண் பர்மாவிலிருந்து வந்தது, பர்மாக்காரன் நம்மை விரட்டினான், அவ்வளவுதான்.

கடைசிக் காலத்தில், அப்பத்தா போன பிறகு, ஒரு நாள் அவராகவே இன்னொன்று சொன்னார். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். 1932 வாக்கில் ஒரு பர்மிய விவசாயி மனைவியோடு கடைக்கு வந்திருக்கிறான். கடை மேலாள் பேரேட்டைத் திறக்கச் சொல்லி, ஐயாவை உரக்கப் படிக்கச் சொன்னாராம். முதல் இவ்வளவு, வட்டி இவ்வளவு, தவணை தவறியது இவ்வளவு. நிலத்தை எழுதிக்கொடுப்பது தவிர வழியில்லை. அவன் வாயைத் திறக்காமல் முழுக்கக் கேட்டான். சுருட்டு கையிலேயே அணைந்துபோனது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டானாம். 'நெல் விலையை யார் இறக்கினது?'

'சத்தம் போடலப்பா, பயந்து போயி கேட்டான்,' என்றார் ஐயா. மேலாளுக்கும் பதில் தெரியவில்லை. அவருக்கும் ஊரிலிருந்து முதலாளி கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். பணம் போட்டவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள், அனுப்பு என்று. நிலத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார், அவருக்கு வேண்டியது ரொக்கம். கடைக்குள் இருந்த எல்லோருமே பயந்துபோய்த்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் நியூயார்க்கிலும் லண்டனிலும் இருந்தது. 1929-ல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை பாதிக்கும் கீழே போய்விட்டது. 1930-ல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 விழுக்காடு. 1938-க்குள் அது 25 விழுக்காடு. வாங்கியவர்கள் ஆசைப்பட்டு வாங்கினார்களோ, வேறு வழியில்லாமல் வாங்கினார்களோ, இழந்தவன் கண்ணுக்கு நாலில் ஒரு பங்கு வயல் வெளியூர்க்காரன் கையில். வட்டி கடுமையாக இருந்ததும் உண்மை, அதை நம் வீட்டுக் கதைகள் விட்டுவிடுகின்றன. 1929-30 வங்கி விசாரணைக் குழுவின் முன்னாலேயே, செட்டியார் வங்கிகள் நெருப்பைக் கக்கும் டிராகன்கள் என்று ஒருவர் சாட்சி சொல்லியிருக்கிறார். பயந்து கேட்டவனுக்கு யாரும் பதில் சொல்லாத இடத்தில் இப்படிச் சுலபமான பதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். உலகச் சந்தைக்கு முகம் கிடையாது. செட்டியாருக்கு உண்டு, துறைமுகக் கூலிக்கு உண்டு. கோபம் செல்லுபடியாகிற இடம் பார்த்துத்தான் இறங்கும்.

உங்கள் அப்பா விஷயத்துக்கு இதனால்தான் வந்தேன். அந்த வீட்டை யோசித்துப் பாருங்கள். முகப்பில் நின்று கூப்பிட்டால் பின்கட்டில் கேட்காது. தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும், கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும்தான் திறப்பார்கள். பூட்டிய வீடுகளில் கதவும் தூணும் பழைய சாமானும் திருட்டுப் போவதாகக் கேள்விப்படுகிறோம். 71 வயது ஆள் ராத்திரி பின்கட்டில் ஒரு பாத்திரம் உருண்டால் என்ன செய்வார்? அந்தப் பயம் பைத்தியக்காரத்தனம் இல்லை. 'என்னால் இனி இந்த வீட்டைக் காப்பாற்ற முடியுமா, விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்' என்பதுதான் அவருக்குள் இருக்கிற கேள்வியாக இருக்கும். அதை அவர் யாரிடம் கேட்பார்? உங்களிடம் கேட்டால் நீங்கள் வேலையை விட வேண்டிவரும் என்று நினைப்பார். அம்மாவிடம் கேட்டால் அவர் தூங்கமாட்டார். போன் மட்டும் தினம் இருபது தடவை பதில் சொல்கிறது, பதிலோடு ஒரு முகத்தையும் காட்டுகிறது. அதைப் பார்த்ததும் கோபம் வருகிறது. கோபம் வந்ததும் பயம் குறைந்த மாதிரி இருக்கிறது. அந்த நிம்மதிதான் அவரைப் பிடித்துவைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதைத் தருகிறவனுக்கு ஓட்டுப் போடுவதும் அதனால்தான்.

தண்ணீர் கேட்ட பையன்களும் பயத்தோடுதான் இங்கே இருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. திருப்பூரிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் பலர் கிடைத்த ரயிலில் ஏறிப் போனார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்து, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று தெளிந்தது. அந்தப் பையன்கள் வீட்டிலும் அம்மா ஒருத்தி போனில் என்னென்னவோ பார்த்துவிட்டு, 'யார் வீட்டு வாசலிலும் நிற்காதே' என்று சொல்லியிருக்கலாம்.

இனி உங்களைப் பற்றி ஒன்று. 'வெட்கமாக இருக்கிறது' என்று நீங்கள் சொன்னதும் கோபம்தான். நியாயமான கோபம், நானாக இருந்தாலும் கத்தியிருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் யோசித்திருக்கமாட்டார். 'என் மகளையும் என்னிடமிருந்து பிரித்துவிட்டான்கள்' என்றுதான் கணக்கு எழுதியிருப்பார். அவர் செய்தது தவறு, அதை ஒரு நாள் நீங்கள் சொல்லியே ஆகவேண்டும். அது முதல் பேச்சாக இருக்க வேண்டாம்.

சனி ஞாயிறு வந்து திரும்பி ஓடுகிற மாதிரி இல்லாமல், நாலைந்து நாள் லீவு போட்டுக்கொண்டு வாருங்கள். பின்கட்டுக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா பாருங்கள். அந்தப் பக்கம் விளக்கு எரிகிறதா, இல்லையென்றால் ஆள் கூப்பிட்டுப் போட்டுவிடுங்கள். அவசரத்துக்குக் கூப்பிட அண்டைவீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணோடு எழுதி, போனுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். ராத்திரி சாப்பாடு முடிந்து அவர் முகப்பில் உட்காரும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, எந்த நேரத்தில் அவருக்குப் பயமாக இருக்கிறது என்று கேளுங்கள். முதலில் 'எனக்கென்ன பயம்' என்பார். எழுந்து போய்விடாதீர்கள்.