கொசு மருந்து ஏன் கேக்க மாட்டேங்குது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மருந்து அடிச்சு அடிச்சு கொசுவுக்கே அது பழகிப்போச்சுன்னு ஊர்ல சொல்றாங்க. மலேரியா கொசுவும் அப்படித்தானா? (ஒரு வாசகி, தேனி)

பதில்: பழகறது இல்லைங்க. மருந்து பட்ட கொசு ஒண்ணு சாகும், இல்ல தப்பிக்கும், அவ்வளவுதான். ஏதோ சில கொசுவோட ஜீன்ல தற்செயலா ஒரு எழுத்து மாறியிருக்கும், மருந்து அடிச்சதும் மத்ததெல்லாம் செத்துடும், இது மட்டும் மிஞ்சி முட்டை போடும், அதோட குஞ்சுங்களுக்கும் அதே ஜீன் போகும், கொசுவுக்கு ஒரு தலைமுறைங்கறது சில வாரம்தான், அதனால கொஞ்ச வருஷத்துலயே மருந்து கேக்காத கொசுதான் ஊர் பூரா இருக்கும்.

ஆப்பிரிக்காவுல மலேரியாவை அதிகமா பரப்பற அனாஃபிலிஸ் காம்பியே கொசுல இது நல்லாவே தெரியுது. நரம்புல சோடியம் உள்ள போறதுக்கு ஒரு கதவு மாதிரி புரதம் இருக்கு, கொசுவலையில தடவற பைரித்ராய்டுங்கற பூச்சி மருந்து அந்தக் கதவை மூட விடாம பிடிச்சுக்கும், கொசு துடிச்சு கீழ விழும். அந்தப் புரதத்துல 1014-வது இடத்துல லியூசின்ங்கற அமினோ அமிலம் இருக்கணும், மேற்கு ஆப்பிரிக்க கொசுல அது ஃபினைல்அலனின்ங்கற வேற அமினோ அமிலமா மாறியிருக்குன்னு 1998-ல கண்டுபிடிச்சாங்க, 2000-ல கென்யா கொசுல அதே இடத்துல செரின் இருக்குன்னு தெரிஞ்சுது. ரெண்டுமே டிஎன்ஏ-ல ஒரே ஒரு எழுத்து மாறினதால வந்தது! இந்த மாற்றத்துக்கு கேடிஆர்னு பேரு, இது இருந்தா மருந்து அங்க சரியா பிடிக்காது. இன்னொரு வழியும் இருக்கு, பி450ங்கற என்சைமை நிறைய சுரந்து மருந்தையே உடைச்சுப் போட்டுடும், தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியில அனாஃபிலிஸ் ஃபுனெஸ்டஸ் கொசு இப்படித்தான் தப்பிக்குது.

கேள்வி: அப்போ பழைய டிடிடியையே திரும்ப அடிக்கலாமே? (ஒரு வாசகர், கரூர்)

பதில்: அதுவும் அதே சோடியம் கதவைத்தான் பிடிக்குது, அதனால கேடிஆர் இருக்கிற கொசு ரெண்டையும் சேர்த்தே சமாளிச்சுடும். மருந்து தடவின கொசுவலை வர்றதுக்கு முன்னாடியே மேற்கு ஆப்பிரிக்க பருத்தி வயல்ல அடிச்ச மருந்தும் இந்தக் கொசுவைப் பெருக்கி விட்டிருக்கு, வயல்ல அடிக்கறது வேற வீட்டுல அடிக்கறது வேறன்னு கொசுவுக்குக் கிடையாதே.

கேள்வி: 1963-ல இலங்கையில மலேரியா முடிஞ்சுட்டுதெண்டு சொன்னவை, பிறகு ஏன் திரும்பி வந்தது? (ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: அந்த வருஷம் வெறும் 17 பேருக்குத்தான் வந்துச்சு, அதை நம்பி மருந்தடிக்கறதை நிறுத்தினாங்க, 1960கள் முடியறப்ப லட்சக்கணக்குல திரும்பிடுச்சு. மறுபடி டிடிடி அடிச்சும் அங்கே மலேரியா பரப்பற அனாஃபிலிஸ் குலிசிஃபேசிஸ் கொசு அசையல, 1977-ல மாலத்தியான்ங்கற வேற பூச்சி மருந்துக்கு மாறினாங்க. கடைசியா 2016-ல மலேரியா இல்லாத நாடுன்னு உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துச்சு, ஆனா அதுக்கப்புறம் மன்னார்ல மலேரியா பரப்பற இன்னொரு இனமான அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி கொசு தென்பட்டிருக்கு, சென்னையில மேல்நிலைத் தொட்டியிலயும் கிணத்துலயும் வளர்ற அதே இனம்தான்.

கேள்வி: மருந்து கேக்கலைன்னா மருந்து வலை எதுக்கு? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: தயவுசெஞ்சு வலையை விட்டுடாதீங்க. மருந்து கேக்காத கொசுவும் வலையைத் தாண்டி கடிக்க முடியாது, கிழியாம இருக்கற வரைக்கும். ரொம்ப வருஷமா எல்லா வலையிலயும் பைரித்ராய்டு ஒண்ணுதான் இருந்துச்சு, என்னைக் கேட்டா அதுதான் பெரிய தப்பு. 2017-ல பிபிஓ சேர்த்த வலைக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரை கொடுத்துச்சு, அந்த பிபிஓ கொசுவோட பி450 என்சைமைக் கட்டிப்போடும். 2023-ல குளோர்ஃபெனாபிர் சேர்த்த வலைக்கும் பரிந்துரை வந்துச்சு, இது நரம்பைத் தொடறதே இல்ல, செல்லுக்கு சக்தி கிடைக்க விடாம கொல்லுது, அதுவும் கொசுவோட என்சைம்தான் இதை விஷமா மாத்தி விடுது. மத்த மருந்தை உடைச்சு தப்பிச்ச அந்த பி450-யே இங்க கொசுவுக்கு எமன். இதையும் எல்லா இடத்துலயும் வருஷக்கணக்கா ஒண்ணா மட்டும் போட்டுட்டே இருந்தா இதுக்கும் தப்பிக்கற கொசு வரும்தான், அதனால இப்பவே அடுத்த மருந்தையும் தயார் பண்ணிட்டு மாத்தி மாத்தி போடணும்.