14 வயது மகளைச் சாரணர் குழுவோடு சுவிட்சர்லாந்தின் காண்டர்ஸ்டெக் மலைகளுக்கு அனுப்பலாமா?

தாராளமாக அனுப்புங்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன், அங்கே எந்த நாள் எந்தப் பாதையில் நடப்பது என்று திட்டம் போட்டது யார் என்று மகளிடமே கேட்டுப் பாருங்கள். "எங்கள் அணி உட்கார்ந்து போட்டோம்" என்று அவள் வரைபடத்தை விரித்துக் காட்டினால் கவலைப்பட அதிகம் இல்லை. "சார் சொல்வார்" என்றால், நீங்கள் சாரண ஆசிரியரிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

பல ஆண்டுகளாக நான் சாரண ஆசிரியராக இருக்கிறேன். நீங்கள் கேட்டிருக்கும் காண்டர்ஸ்டெக்குக்கே பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். பெர்ன் மாநிலத்தில் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிராமம் அது. 1920இல் லண்டனில் முதல் உலக ஜாம்போரி என்ற சாரணர் பெருவிழா நடந்த பிறகு, எல்லா நாட்டுச் சாரணர்களும் எப்போதும் வந்து கூடும்படி ஓர் இடம் வேண்டும் என்று சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் ஆசைப்பட்டார். லோட்ச்பெர்க் ரயில் சுரங்கம் தோண்டிய காலத்துக் கட்டடம் ஒன்று அங்கே இருந்தது. அதில்தான் 1923இல் சர்வதேச சாரணர் மையம் தொடங்கியது. இன்றும் அதை நடத்துவதில் 'பிங்கி' என்று செல்லமாக அழைக்கப்படும் தன்னார்வலர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பல நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள் அவர்கள். பக்கத்துக் கூடாரத்தில் வேறொரு நாட்டுப் பிள்ளைகள் சமைத்துக்கொண்டிருப்பார்கள். மலையைவிட அதுதான் பெரிய அனுபவம் என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு.

சரி, ஆபத்து பற்றி. அந்த உயரத்தில் தூங்குவதால் மூச்சுத் திணறுமோ என்று நிறையப் பெற்றோர் பயப்படுகிறார்கள். உயர நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். நான் அதிகம் கவனிப்பது பிற்பகல் இடியைத்தான். கோடையில் வெயில் ஏற ஏற ஈரக்காற்று சரிவோடு மேலே போய் மேகமாகத் திரளும். காலையில் பளிச்சென்று இருந்த வானம் மதியத்துக்கு மேல் கறுத்து இடிக்கும். மரமில்லாத உச்சிச் சரிவில் அப்போது ஒதுங்க இடமே கிடைக்காது. அதனால் விடியற்காலையில் கிளம்ப வேண்டும், எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்பதை முந்தின இரவே முடிவு செய்துவிட வேண்டும்.

ஒருமுறை ஓஷினென் ஏரியிலிருந்து ப்ளூம்லிசால்ப் மலைக் குடில் வரை ஏறத் திட்டமிட்டிருந்தோம். ஏரி 1,578 மீட்டரில் இருக்கிறது, குடில் 2,800ஐத் தாண்டி. ஓபர்பெர்க்லி என்ற மேய்ச்சல் மேட்டுக்கு வந்தபோதே குறித்து வைத்திருந்த நேரம் நெருங்கிவிட்டது, மேற்கே மேகமும் ஏறிக்கொண்டிருந்தது. அணித் தலைவியாக இருந்த பெண் "இங்கிருந்து திரும்பலாம்" என்றாள். "அக்கா, இவ்வளவு தூரம் வந்துட்டு..." என்று சின்னவர்கள் கெஞ்சினார்கள். அவள் அசையவில்லை. நான் வாய் திறக்காமல் நின்றேன். அவள் தப்பாக முடிவெடுத்திருந்தால் மட்டுமே பேசியிருப்பேன். அன்று பெரிய மழை எதுவும் பெய்யவில்லை. அப்படியும் அவள் முடிவு சரியானதுதான், இரவுக் கூட்டத்தில் நான் அதை எல்லோர் முன்னாலும் சொன்னேன். இப்படி முடிவெடுக்கப் பிள்ளைகளை விடுகிற ஆசிரியர் என்றால் நம்பி அனுப்பலாம்.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: பாதைகள் என்ன நிறம்? அந்த நாட்டில் மஞ்சள் குறியிட்ட பாதை எல்லோருக்கும் ஆனது. வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் செங்குத்தும் வழுக்கலும் இருக்கும், கால் உறுதி வேண்டும், தலை சுற்றுபவர்களுக்கு ஆகாது. முன்பே நடந்து பழகிய பிள்ளைகள் அதில் போகலாம். வெள்ளை-நீலம்-வெள்ளையில் பனித்தரையும் பாறை ஏற்றமும் வரும், தகுதி பெற்ற மலை வழிகாட்டி கூட வராவிட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தை நீங்களே உட்கார்ந்து படியுங்கள். சுவிட்சர்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள், அது இருந்தால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கயிறு கட்டி ஏறுவது போன்றவற்றை விலக்கி வைத்திருக்கும் பத்திரங்கள் உண்டு. மலையில் கால் முறிந்தால் ஹெலிகாப்டர்தான் வரும், அது இலவசமில்லை. அந்த மீட்புச் சேவையின் எண் 1414. மகளின் பையில் எழுதி வையுங்கள். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் தேவைப்படும்.

அப்புறம் காலணி. பயணத்துக்காகப் புதிதாக வாங்கிப் பெட்டியோடு கொடுத்து அனுப்பாதீர்கள். இரண்டு மாதம் முன்பே வாங்கி, சுமையோடு நடக்க விடுங்கள். பருத்தி உடை நனைந்தால் சீக்கிரம் காயாது, உடம்பு விறைத்துவிடும். கம்பளியோ செயற்கை இழையோ நல்லது.

தினமும் போன் பண்ணச் சொல்லாதீர்கள். ஆசிரியர் மாலையில் குழுவுக்கு ஒரு செய்தி போடுவார், அதற்கு மேல் அவளாக அழைத்தால் பேசுங்கள்.