வீட்டிலிருந்து டிக்கெட் போடுகிறவர்கள், அவர்களின் முதலாளிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கொரோனாவுக்குப் பிறகு நிறைய டிராவல் ஏஜென்சிகள் கடை வாடகையைக் குறைத்துக்கொண்டு டிக்கெட்டிங் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டன. வேலை ஓடுகிறது. ஆனால் பக்கத்து நாற்காலிக்காரர் போனில் பேசுவதைக் கேட்டே பாதி விஷயம் தெரிந்துகொண்டிருந்த முதலாளிக்கு இப்போது தெரிவதெல்லாம் திரையில் ஒரு பச்சைப் புள்ளிதான். இந்த முறை முதலாளிகளும் எழுதியிருக்கிறார்கள், ஊழியர்களும் எழுதியிருக்கிறார்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்யும் பையன் ஒருவர் வாடிக்கையாளர்களின் ரீஃபண்ட் பணத்தைத் தெரிந்தவர் கணக்குக்குத் திருப்புகிறார் என்று சந்தேகம். நேராகப் போலீசுக்குப் போய்விடலாமா?
– ஏஜென்சி உரிமையாளர், திருச்சி

போகலாம். ஆனால் வெறும் சந்தேகத்தோடு போனால் "கணக்கைச் சரிபார்த்துவிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முதலில் நோ-ஷோ டிக்கெட்டுகளைப் பாருங்கள். பயணி விமானத்துக்கு வரவில்லை என்றால் டிக்கெட் பணம் போய்விட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி, ரீஃபண்டே கிடையாது என்று விற்ற டிக்கெட்டிலும் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் ஏர்லைன் திருப்பித் தர வேண்டும். விவரம் தெரிந்த ஊழியர் ஒரு மாதம் பொறுத்திருந்து, அந்த ரீஃபண்டைப் போட்டு, பணம் ஏஜென்சிக்கு வந்ததும் அக்கவுண்ட்ஸுக்கு "கஸ்டமர் புது வங்கிக் கணக்கு கொடுத்திருக்கிறார்" என்று ஒரு மெயில் தட்டிவிட்டால் போதும். வாடிக்கையாளருக்கு விஷயமே தெரியாது, அதனால் புகார் வராது. உங்கள் கணக்குப் புத்தகமும் நயா பைசா குறையாமல் டேலி ஆகும். ஆகவே கடந்த ஓராண்டு ரீஃபண்டுகளை எடுத்து, பயணியின் பெயருக்கு எதிரே பணம் போன கணக்கின் பெயரை எழுதுங்கள். சம்பந்தமில்லாத மூன்று குடும்பங்களின் பணம் ஒரே ஜிபே எண்ணுக்குப் போயிருந்தால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

அடுத்து பிஎன்ஆர் ஹிஸ்டரி, அதாவது ஒவ்வொரு புக்கிங்கிலும் செய்த மாற்றங்களின் பதிவு. நீங்கள் டிக்கெட் போடும் ஜிடிஎஸ் மென்பொருள் அமேடியஸோ கலிலியோவோ, எந்த ஆபீஸ் ஐடியிலிருந்து (ஏஜென்சியின் அடையாள எண்), எந்த சைன்-இன்னில் (ஊழியரின் லாகின்), எத்தனை மணிக்கு மாற்றம் செய்யப்பட்டது என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். பயணத் தேதி தாண்டிய சில நாட்களில் பிஎன்ஆர் சாதாரணப் பார்வையிலிருந்து போய்விடும் என்பதால் இன்றே எடுத்து வையுங்கள். ஹிஸ்டரியில் இருப்பது பெரும்பாலும் ஜிஎம்டி நேரம் என்பதையும் மறக்காதீர்கள். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டாமல் "அந்த நேரத்தில் இவர்தான் ஷிஃப்டில் இருந்தார்" என்று தப்பான ஆளைப் பிடித்தால் விஷயம் அங்கேயே கெட்டுவிடும்.

இனி சங்கடமான கேள்வி. உங்கள் ஏஜென்சியில் ஒருவருக்கு ஒரு சைன்-இன் இருக்கிறதா? இல்லை, செலவு மிச்சம் என்று மூன்று பேருக்கு ஒன்றா? மூன்று பேருக்கு ஒன்று என்றால் ஹிஸ்டரி யாரையும் காட்டிக்கொடுக்காது. அந்தப் பையன் "நான் இல்லை" என்றால் கதை முடிந்தது. அப்போது விபிஎன் பதிவு, வங்கிப் பரிமாற்றம், அக்கவுண்ட்ஸுக்கு வந்த மெயில் இவற்றை வைத்துத்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

ஆதாரம் கிடைத்ததும் அவருடைய லாகின்களை முடக்குங்கள், எழுத்தில் குற்றச்சாட்டு கொடுங்கள், விளக்கம் கேளுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41-இன்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை ஒழுங்கீனத்துக்காக நீக்க வேண்டுமென்றால் விசாரணை நடத்தி, சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். விசாரணையை வீடியோ காலில் நடத்தலாம், ஆனால் பதிவேடு முறையாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று அனுப்பினால், திருடியவரே மேல்முறையீட்டில் ஜெயித்து வருவார்.

போலீஸ் புகாரைத் தனியாகக் கொடுக்கலாம். ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 316(4)-இல் ஏழு ஆண்டு வரை சிறை. டிஜிட்டல் ஆதாரங்களுக்கு, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் பிரிவு 63-இன்படி சான்றிதழ் வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் போட்டு ஃபைலில் வைப்பது மட்டும் போதாது. அப்புறம், பணம் பறிபோன வாடிக்கையாளர்களுக்கு முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். வேறு யார் வாயிலாவது கேள்விப்பட்டால் உங்களையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவார்கள்.

என் சூப்பர்வைசர் இரவு பதினொரு மணிக்கு மேல் வீடியோ கால் செய்து கேமராவை ஆன் செய்யச் சொல்கிறார். நைட்டியில் இருந்தாலும் பரவாயில்லை என்கிறார். நான் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். ஆபீஸில் மொத்தமே ஏழு பேர்தான். சட்டம் எனக்குப் பொருந்துமா?
– டூர் பேக்கேஜ் பிரிவு ஊழியர், கோவை

பொருந்தும். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, பணியிடம் என்பதற்குள் வீட்டையும் சேர்த்தே சொல்கிறது. 2021-இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ஒரு வங்கி வழக்கில், வேறு வேறு மாநிலக் கிளைகளில் இருப்பவர்களுக்கும் டிஜிட்டல் தளத்தில் அது ஒரே பணியிடம்தான் என்று சொன்னது. "நான் ஆபீஸில் எதுவும் செய்யவில்லையே" என்று அவர் தப்பிக்க முடியாது.

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் நிறுவனமே உள்ளகக் குழு அமைக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஒப்பந்த ஊழியர், பயிற்சியாளர், வீட்டிலிருந்து வேலை செய்பவர் எல்லோரும் வருவார்கள். ஏழு பேர் என்று முதலாளி சொல்வது சம்பளப் பட்டியலை மட்டும் பார்த்தா என்று கேட்டுவிடுங்கள். உண்மையிலேயே பத்துக்குக் கீழ் என்றாலும், புகாரே முதலாளி மீது என்றாலும், மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட சமூக நலப் பிரிவில் விசாரித்தால் வழி சொல்வார்கள். மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம்.

கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை ஏற்றுக்கொள்ளலாம். விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும். விசாரணை நடக்கும்போதே உங்களை வேறொருவரின் கீழ் மாற்றச் சொல்லியோ, மூன்று மாதம் வரை விடுப்பு கேட்டோ எழுதிக் கொடுக்கலாம்.

கால் லாக், குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள். அருவருப்பில் சாட் முழுவதையும் டெலீட் செய்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அந்தக் கோபம் புரிகிறது, ஆனால் ஆதாரமும் அதோடு போய்விடுகிறது. "இரவில் வீடியோ கால் வேண்டாம், வேலை விஷயம் என்றால் மெயிலில் அனுப்புங்கள்" என்று ஒரு வரி எழுத்தில் அனுப்பி வையுங்கள். அப்படி அனுப்பவில்லை என்றாலும் தப்பு உங்களுடையது ஆகிவிடாது. அவசரம் என்றால் 181 மகளிர் உதவி எண் இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு ஃப்ளைட் கேன்சல் ஆகலாம், பயணி அழைக்கலாம், அது இந்தத் தொழிலில் சகஜம். அதற்குக் கேமரா எதற்கு?

ஊழியர்கள் டீம்ஸில் எப்போதும் 'அவைலபிள்' என்று காட்டுகிறார்கள், வேலை நகரவில்லை. எட்டு மணி நேரமும் வெப்கேம் ஆனில் இருக்க வேண்டும் என்று உத்தரவு போடலாமா?
– மேலாளர், சென்னை

வேண்டாம். பச்சைப் புள்ளியை ஏமாற்ற மௌஸைத் தானாக ஆட்டும் சின்னக் கருவியே கடையில் கிடைக்கிறது. 2024-இல் அமெரிக்க வங்கியான வெல்ஸ் ஃபார்கோ, கீபோர்டு தட்டுவதுபோல் போலியாகக் காட்டிய பத்துக்கும் மேற்பட்டோரை வேலையிலிருந்து அனுப்பியது. கேமராவை வைத்தாலும் உட்கார்ந்திருப்பதுதான் தெரியும், வேலை தெரியாது. நடுவில் அவர் வீட்டுக் குழந்தையும் மாமியாரும் உங்கள் ரெக்கார்டிங்கில் வந்து சேர்வார்கள்.

உங்கள் தொழிலில் அளப்பதற்கு வேறு எவ்வளவோ இருக்கிறது. ஜிடிஎஸ் க்யூவில் வந்த ஷெட்யூல் சேஞ்ச் (விமான நேர மாற்றம்) எத்தனை மணி நேரம் தொடப்படாமல் கிடந்தது? டிக்கெட்டிங் டைம் லிமிட் (புக்கிங்குக்கு டிக்கெட் போட வேண்டிய கெடு) தாண்டித் தானாக ரத்தான புக்கிங் எத்தனை? வந்த விசாரணைக்கு முதல் பதில் எப்போது போனது? இதை வாரம் ஒருமுறை அவரவர் கண்முன் வைத்தாலே பாதிப் பேர் சரியாகிவிடுவார்கள். மீதிப் பேரை எழுத்தில் எச்சரியுங்கள். போலியாக 'ஆன்லைன்' காட்டுவது ஒழுங்கீனம் என்று விதியில் எழுதி வைத்திருந்தால்தான் அதன்மேல் நடவடிக்கை எடுக்க முடியும். எழுதி வைத்திருக்கிறீர்களா?

கட்டண விதியைத் தவறாகப் படித்து டிக்கெட் போட்டேன். ஏர்லைனிலிருந்து 38,000 ரூபாய்க்கு டெபிட் மெமோ (ஏஜென்சியிடம் பணம் கேட்டு அனுப்பும் சீட்டு) வந்துவிட்டது. அது ஒழுங்கீனம் என்று சொல்லிச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள்.
– டிக்கெட்டிங் ஊழியர், மதுரை

தவறு வேறு, ஒழுங்கீனம் வேறு. மினிமம் ஸ்டே விதியை (போன இடத்தில் குறைந்தது இத்தனை நாள் தங்க வேண்டும் என்பது) கவனிக்காமல் விட்டது தவறு. டைம் லிமிட்டைத் தள்ளிப்போட ஒரே செக்டரைத் திரும்பத் திரும்ப ரத்து செய்து புக் செய்வது, இல்லாத பெயரில் சீட்டைப் பிடித்து வைப்பது, விசாவுக்கென்று டம்மி புக்கிங் போட்டுத் தனியாகக் காசு வாங்குவது, இவையெல்லாம் தெரிந்தே செய்பவை. இவற்றுக்கும் ஏர்லைன் டெபிட் மெமோ அனுப்பும்தான். இரண்டுக்கும் பேப்பர் ஒன்றுபோல இருப்பதால் முதலாளிகள் குழப்பிக்கொள்கிறார்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதற்கு முன் உங்களிடம் விளக்கம் கேட்க வேண்டும். நஷ்டத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது. கட்டண விதித் தவறு அந்தப் பிடித்தத்துக்குள் வருமா என்பதே விவாதத்துக்குரியது. அதைவிட முக்கியம், மெமோவை ஏஜென்சி மறுத்து எழுதியதா என்று கேளுங்கள். அதற்கு உள்ள அவகாசம் சுமார் இரண்டு வாரம்தான். அதுவரை சும்மா இருந்துவிட்டு உங்கள் சம்பளத்தில் கை வைத்திருந்தால் அதையும் உங்கள் விளக்கத்தில் எழுதுங்கள்.

வாடிக்கையாளர்களின் புக்கிங்கில் ஊழியர் தன் மனைவியின் ஃப்ரீக்வென்ட் ஃப்ளையர் எண்ணைப் போட்டிருக்கிறார். இது பெரிய குற்றமா?
– உரிமையாளர், சேலம்

பெயர் பொருந்தாவிட்டால் மைல்கள் (அடிக்கடி பறப்பவருக்கு ஏர்லைன் தரும் பரிசுப் புள்ளிகள்) ஏறாது என்பதால் பெரும்பாலும் முட்டாள்தனமான குற்றம். ஆனால் பயணி பெயரிலேயே அவருக்குத் தெரியாமல் கணக்குத் திறந்து பாஸ்வேர்டைத் தன்னிடம் வைத்திருந்தால் அது அடையாளத் திருட்டு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி-யில் மூன்றாண்டு வரை சிறை. இரண்டில் எது என்று முதலில் பாருங்கள்.

தட்கலுக்காக எங்கள் ஐந்து பேரையும் சொந்த ஐஆர்சிடிசி ஐடியில், வீட்டிலிருந்து டிக்கெட் போடச் சொல்கிறார் முதலாளி. முடியாது என்றால் கீழ்ப்படியாமை என்கிறார்.
– ஊழியர், விருதுநகர்

கீழ்ப்படியவே கூடாத உத்தரவு இது. தனிப்பட்ட ஐடி உங்கள் சொந்த உபயோகத்துக்கானது, வியாபாரத்துக்கு அல்ல. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 143-இன்படி அனுமதியில்லாமல் டிக்கெட் வாங்கி விற்றால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது கவுண்டர் டிக்கெட்டுக்கு மட்டுமல்ல, இ-டிக்கெட்டுக்கும் பொருந்தும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

2025 ஜூலையிலிருந்து தட்கல் தொடங்கும் முதல் அரை மணி நேரம் அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட்களாலேயே புக் செய்ய முடியாது. ஆதார் சரிபார்ப்பும் கட்டாயம். அதனால்தான் உங்கள் ஐடி மேல் அவருக்குக் கண். ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்பிஎஃப்) வந்தால் தட்டுவது ஐடி யாருடையதோ அவர் வீட்டுக் கதவைத்தான், முதலாளி வீட்டை அல்ல. மறுப்பை மரியாதையாக, மெயிலில், சட்டப் பிரிவோடு எழுதுங்கள். அந்த மெயிலை வைத்துக்கொண்டு உங்கள் மேல் 'கீழ்ப்படியாமை' விசாரணை நடத்த அவருக்குத் துணிச்சல் வருவது கஷ்டம்.

வேலையை விட்டுப் போன பெண், வாடிக்கையாளர் பட்டியலோடு பாஸ்போர்ட் நகல்களையும் போனில் வைத்திருக்கிறார். இப்போது போட்டி ஏஜென்சியில் இருக்கிறார். என்ன செய்யலாம்?
– உரிமையாளர், புதுச்சேரி

போட்டி ஏஜென்சியில் சேர்ந்ததை உங்களால் தடுக்க முடியாது. வேலையை விட்ட பிறகு அதே தொழிலுக்குப் போகாதே என்று எழுதி வாங்கிய ஒப்பந்தம், ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27-இன்படி செல்லாது. அதில் வக்கீல் செலவு செய்யாதீர்கள்.

பாஸ்போர்ட் நகல் விஷயம் வேறு. ஒப்பந்தப்படி செய்த வேலையின்போது கிடைத்த தனிநபர் தகவலை, ஆதாயத்துக்காகவோ கெடுதல் செய்யவோ, சம்மதமில்லாமல் பிறருக்குக் கொடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 72ஏ பாயும். நகல்களை அழித்துவிட்டு எழுத்தில் உறுதி தரும்படி வக்கீல் மூலம் கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கடிதமே போதும்.

ஆனால் அந்த நகல்கள் அவர் சொந்த போனுக்கு எப்படிப் போயின? "வாட்ஸ்அப்பில் அனுப்பும்மா, சீக்கிரம்" என்று நீங்கள் சொல்லித்தானே? தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-க்கான விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் இருக்கிறது. அதற்குப் பிறகு போதிய பாதுகாப்பு வைக்காத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போகலாம். அது விழுவது நிறுவனத்தின் மேல், போன பெண்ணின் மேல் அல்ல. இப்போதே நிறுவன எண்ணில் ஒரு பிசினஸ் வாட்ஸ்அப், நிறுவனத்தின் டிரைவில் ஒரு ஃபோல்டர், வேலையை விடும் நாளில் லாகின்களை முடக்கும் ஒரு பட்டியல் என்று ஏற்பாடு செய்யுங்கள். பட்டியலில் ஜிடிஎஸ்ஸோடு நிறுத்திவிடாமல் கன்சாலிடேட்டர் (ஏஜென்சிகளுக்கு மொத்தமாக டிக்கெட் விற்பவர்) போர்ட்டல்கள், ஹோட்டல் தளங்கள், விசா மையக் கணக்கு எல்லாம் இருக்கட்டும். போனவர்களின் லாகின் உயிரோடு கிடப்பது பெரும்பாலும் அந்த விசா கணக்கில்தான்.

ஊழியர் ஒருவர் பகலில் எங்களிடம் வேலை செய்கிறார், இரவில் இன்னொரு ஏஜென்சியின் துபாய் க்ளையன்ட்களுக்கு. தூக்கிவிடலாமா?
– உரிமையாளர், நாகர்கோவில்

2022-இல் விப்ரோ போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்த 300 பேரை அனுப்பியது. நீங்களும் செய்யலாம், வேலை ஒப்பந்தத்தில் அதற்குத் தடை இருந்தால். இல்லையென்றால் முதலில் ஒன்றைப் பாருங்கள்: இரவு வேலைக்கு உங்கள் ஆபீஸ் ஐடியைப் பயன்படுத்துகிறாரா? ஆம் என்றால் அது தனிக் குற்றச்சாட்டு. இல்லை என்றால் கூப்பிட்டுச் சம்பளத்தைப் பற்றிப் பேசுங்கள்.