வாசகர் கேள்விகள்: ஷோரூமில் நின்றபடியே ஒரு மாடல் கார்

கேள்வி: 1957 செவர்லே பெல் ஏர் காரின் கிட் (பாகங்களை ஒட்டிச் செய்யும் மாடல் பெட்டி) ஒன்று வைத்திருக்கிறேன். நிஜக் காரில் 1/25 அளவு. பெட்டிக்குள் இரண்டு விதமான சக்கரங்களும் ஏகப்பட்ட இன்ஜின் பாகங்களும் இருக்கின்றன. 'ஃபேக்டரி ஸ்டாக்'காகச் செய்ய ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பசையை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஃபேக்டரி ஸ்டாக் என்றால் தொழிற்சாலை வாசலைத் தாண்டும்போது கார் எப்படி இருந்ததோ அப்படியே செய்வது. அமெரிக்க கிட்களில் 1950களின் கடைசியிலிருந்தே ஸ்டாக், கஸ்டம் (இஷ்டப்படி மாற்றியது), ரேஸ் என மூன்று விதமாகவும் செய்வதற்கான பாகங்களை ஒரே பெட்டியில் போடும் பழக்கம் உண்டு. அதனால் முதல் நாள் வேலை பிரித்து வைப்பதுதான். ஸ்டாக் பாகங்கள் ஒரு டப்பாவில், மற்றவை இன்னொன்றில். இதைச் செய்யாமல் உட்கார்ந்தால் பாதி ராத்திரியில் தவறான சக்கரம் ஒட்டியிருப்பீர்கள்.

அடுத்தது வருஷம். 1956 செவர்லேயின் சக்கரம் 15 அங்குலம். 1957-ல் அதை 14 ஆக்கினார்கள். 1/25 அளவில் அது ஒரே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்தான். ஆனால் தப்பான சக்கரம் போட்டால் கார் லேசாகத் தூக்கி நிற்கிற மாதிரி இருக்கும். என்ன தப்பு என்று புரியாமலே கண்ணை உறுத்தும். டயரில் வெள்ளைப் பட்டையும் அப்படித்தான். அந்தக் காலத்துப் பட்டை அகலமானது, ஏறக்குறைய இரண்டரை அங்குலம். மாடலில் இரண்டரை மில்லிமீட்டர். ஒல்லிப் பட்டை 1962 வாக்கில்தான் பரவியது. என் முதல் பெல் ஏருக்கு ஒல்லிப் பட்டை டயரைப் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். ஒரு பழைய புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான் தெரிந்தது. அன்றைக்கே நான்கையும் கழற்றினேன்.

ஆகவே கிட்டின் குறிப்புத்தாளோடு நிஜக் காரின் படங்களையும் வைத்துக்கொள்ளுங்கள். பெல் ஏரின் கிரில் வெள்ளிக் குரோம் இல்லை, தங்க நிறம். பெட்ரோல் மூடி வெளியே தெரியாது. இடது பின்சிறகின் குரோம் பட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இப்படி ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பதுதான் எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த பகுதி.

கேள்வி: எவ்வளவு கவனமாக ஸ்ப்ரே அடித்தாலும் என் கார் பொம்மை போலவே இருக்கிறது. ஏன்?

பெயிண்டின் கனம்தான் காரணம். நிஜக் காரின் மேல் பெயிண்ட் சுமார் 0.1 மில்லிமீட்டர் கனம் என்று வையுங்கள். அதை 25-ஆல் வகுத்தால் 4 மைக்ரான், அதாவது 0.004 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிசாக நம்மால் அடிக்க முடியாது. அதனால் பெயிண்ட் தின்னப்போகும் இடங்களை முன்கூட்டியே சரிக்கட்ட வேண்டும். கதவு, பானட், டிக்கி ஓரக் கோடுகளை பிரைமருக்கு (முதல் அடிப்பூச்சு) முன்பே பிளேடின் முதுகால் மெல்ல மெல்ல இழுத்து ஆழப்படுத்துங்கள். நாலைந்து இழுப்பு போதும், அழுத்தக் கூடாது. மின்னும் நிறம் என்றால் துகள் மிக நுண்ணியதாக இருக்கட்டும். நிஜக் காருக்கான பெயிண்டை அடித்தால் ஒவ்வொரு துகளும் 25 மடங்கு பெரிதாகத் தெரியும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள்: எனாமல், லேக்கர் இரண்டும் வெவ்வேறு வகைப் பெயிண்ட், காய்ந்த எனாமல் மேல் லேக்கர் அடிக்காதீர்கள். லேக்கரில் உள்ள கரைப்பான் அடியில் இருக்கும் எனாமலைக் கிளப்பிவிடும். பளபளப்பு கூடட்டும் என்று நானும் ஒருமுறை அடித்தேன். பத்தே நிமிஷத்தில் கூரை முழுவதும் சுருக்கம். மூன்று வாரம் பார்த்துப் பார்த்துச் செய்த பாடியை உரித்து முதலிலிருந்து ஆரம்பித்தபோது மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. முடிந்தவரை பிரைமர் முதல் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) வரை ஒரே வகையாகவே இருக்கட்டும்.

அப்புறம், பாடியின் மேல் புடைத்திருக்கும் எழுத்துகள். தூரிகையால் வெள்ளி பூசினால் எவ்வளவு நிதானமாகச் செய்தாலும் கோணல்தான். பிரைமர் காய்ந்ததும் எழுத்தின் மேல் மெல்லிய உலோக ஃபாயிலை ஒட்டி, அழுத்தித் தேய்த்து, ஓரத்தை வெட்டிவிடுங்கள். அதன் மேலேயே நிறத்தை அடியுங்கள். காய்ந்தபின், தின்னரில் நனைத்துப் பிழிந்த துணியை விரலில் இறுகச் சுற்றி, எழுத்தின் முகட்டை மட்டும் தொட்டும் தொடாமலும் தேயுங்கள். மேலே இருக்கும் பெயிண்ட் போய் அடியிலுள்ள உலோகம் எழுத்தெழுத்தாக எட்டிப் பார்க்கும். கிளியர் அடிப்பது இதற்குப் பிறகுதான்.

கேள்வி: குரோம் பாகத்தை, அது கோத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டிய இடம் வெளுத்துத் தெரிகிறதே?

பம்பர் போன்ற பெரிய பாகங்களில் அந்த இடம் பெரும்பாலும் ஒட்டும் பக்கத்தில் மறைந்துவிடும். மறையாத இடத்தில் ஒரு துணுக்கு ஃபாயில் ஒட்டினால் போதும்.

கேள்வி: பானட்டை மூடிவிட்டால் இன்ஜின் தெரியப்போவதில்லை. ஸ்பார்க் பிளக் ஒயர் வரைக்கும் போட வேண்டுமா?

போடுங்கள். பானட்டைத் திறந்து பார்க்காத ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. நிஜ ஒயர் 7 மில்லிமீட்டர் கனம், உங்களுக்கு 0.3 மில்லிமீட்டருக்குள் இருக்கும் மெல்லிய ஒயர் வேண்டும். தையல் நூல் வேண்டாம், பிசிறு தட்டும். செவர்லே வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம், பின்பக்கம் இருக்கும். அமெரிக்கக் காரில் ஓட்டுநர் பக்கம், அதாவது இடது பக்கம், முன்னாலிருந்து சிலிண்டர்கள் 1, 3, 5, 7. வலது பக்கம் 2, 4, 6, 8. பற்றவைக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் எட்டு ஒயர்களையும் இந்த வரிசையில் கடிகார முள் போகும் திசையில் சுற்றிச் செருகி, ஒவ்வொன்றையும் அதன் சிலிண்டருக்குக் கொண்டுபோங்கள். முதலில் இன்ஜினுக்குச் செவர்லே ஆரஞ்சு நிறத்தை அடித்து முழுக்கக் காயவிடுங்கள். ஒயர் அதற்குப் பிறகு.