வில்கானியாவில் நிற்கலாமா? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

ஜூலை பள்ளி விடுமுறையில் காரின் பின்னால் இழுத்துப் போகும் கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, சிட்னியிலிருந்து மேற்கே சுரங்க ஊரான புரோக்கன் ஹில் வரை போய்வரத் திட்டம். பத்து நாள். நான், கணவர், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், கோவில்பட்டியிலிருந்து வந்திருக்கும் அப்பா. அப்பா முப்பது வருஷம் மில்லில் வேலை பார்த்தவர், சங்கத்தில் இருந்தவர். "பொட்டக்காட்டப் பாக்கவா இவ்வளவு செலவு?" என்கிறார். நண்பர்களோ நிங்கன், கோபார் எல்லாம் பெட்ரோல் போட மட்டும்தான், வில்கானியாவில் கதவைப் பூட்டிக்கொண்டு நிற்காமல் போய்விடுங்கள் என்கிறார்கள். நீங்கள் இரண்டு முறை போய்வந்தவர். சின்ன ஊர்களை விட்டுவிட்டு நேரே புரோக்கன் ஹில் போய்விடலாமா?

ம., சிட்னி

அன்புள்ள ம.,

விட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் கேட்க நிறைய இருக்கிறது. ஆனால் "கதவைப் பூட்டிக்கொண்டு" என்ற இடத்தில் எனக்கு மனசு நின்றுவிட்டது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எனக்கும் அதையேதான் சொன்னார்கள். முதல் முறை அந்தப் பேச்சைக் கேட்டு வில்கானியாவை ஐந்து நிமிஷத்தில் கடந்து போனேன். இரண்டாம் முறை, வழியில் பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும் எம்டேல் ரோடு ஹவுஸைத் தாண்டி அரை மணி நேரத்தில் கேரவனின் இடது டயர் வெடித்தது. ஓரத்தில் செம்மண். ஜாக்கியை வைத்து ஏற்ற ஏற்ற வண்டி எழும்பவில்லை, ஜாக்கிதான் மண்ணுக்குள் இறங்கியது. மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. பழைய யூட் (பின்பக்கம் திறந்த சுமை வண்டி) ஒன்று எங்களைத் தாண்டிப் போய், நின்று, பின்னாலேயே வந்தது. ஒரு பெரியவரும் பேரனும் இறங்கினார்கள். பெரியவர் ஒன்றும் பேசாமல் யூட்டின் பின்பக்கத்திலிருந்து பலகைத் துண்டு ஒன்றை எடுத்து ஜாக்கிக்கு அடியில் கொடுத்தார். நட்டு இறுகிக் கிடந்தது. பேரன் ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, அதன் மேல் ஏறி நின்று ஒரு குதி குதித்தான். கழன்றது. பணத்தை நீட்டினேன். கையை மடக்கி என்னிடமே தள்ளிவிட்டு, "ஊருக்குள் வந்து ஆற்றைப் பார்த்துவிட்டுப் போ" என்றார்.

அந்தப் பெரியவர் பாக்கண்ட்ஜி என்ற ஆஸ்திரேலியப் பழங்குடி இனத்தவர். டார்லிங் என்று வரைபடம் சொல்லும் ஆற்றுக்கு அவர்கள் மொழியில் பாக்கா என்று பெயர். ஆற்றின் பெயரையே தங்கள் பெயராகக் கொண்ட மக்கள். அந்த மண் தங்களுடையது என்று நீதிமன்றத்தில் 18 ஆண்டுகள் போராடி, 2015-இல் தீர்ப்பு வாங்கினார்கள். 1880-களில் வில்கானியா பெரிய ஆற்றுத் துறைமுகம். கம்பளி மூட்டை ஏற்றிய நீராவிப் படகுகள் வரிசை கட்டி நின்ற ஊர். அந்தக் காலத்து மணற்கல் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. 1896-இல் கட்டிய பாலத்தின் நடுப்பகுதி படகு வந்தால் மேலே தூக்கிக்கொள்ளும். நான் போனபோது அந்தப் பாலத்துக்குக் கீழே பச்சைக் குட்டைகள் இரண்டு கிடந்தன, வேறு தண்ணீர் இல்லை. ஆற்றின் மேல்பகுதியில் பருத்திக்கு எவ்வளவு எடுப்பது, கீழே எவ்வளவு விடுவது என்பதில் ஓயாத சண்டை. காவிரி தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்னும் கீழே மெனிண்டியில் 2018–19 கோடையிலும், மறுபடி 2023 மார்ச்சிலும் மீன்கள் லட்சக்கணக்கில் செத்து மிதந்தன. ஆற்றின் பெயரைத் தாங்கியவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று பாலத்தின் மேல் நின்று யோசித்துப் பாருங்கள்.

2021-இல் கொரோனா அந்த ஊருக்குள் வந்தபோது, நெருக்கியடித்து வாழும் வீடுகளில் நோயாளியைத் தனியே வைக்க இடமில்லை. கடைசியில் அரசு, உள்ளேயே தங்கும் வசதி கொண்ட மோட்டார்ஹோம் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தியது. நாம் விடுமுறைக்கு வாடகை கொடுத்து எடுக்கிறோமே, அது மாதிரி வண்டிகள். இந்த ஊரைத்தான் பார்க்காமல் போ என்கிறார்கள்.

ஆற்றங்கரையிலேயே கேரவன் பார்க் இருக்கிறது. ஓர் இரவாவது தங்குங்கள். சாமான்களை கோபாரிலேயே மொத்தமாக வாங்கி அடைத்துக்கொண்டு வராமல், ரொட்டியும் பாலும் இங்கே வாங்குங்கள். பிள்ளைகளைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். எந்த ஊரிலும் செய்வதுபோல வண்டியைப் பூட்டுங்கள், அவ்வளவுதான்.

நிங்கனில் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு ஹெலிகாப்டர் நிற்கும். 1990 ஏப்ரலில் போகன் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தபோது, கிட்டத்தட்ட ஊர் முழுவதையும் ஹெலிகாப்டரில்தான் தூக்கிக் கரை சேர்த்தார்கள். அதன் நினைவுக்கு வைத்தது. மகளுக்குக் காட்டுங்கள். கோபாரில் சுரங்கப் பள்ளத்தை மேலிருந்து பார்க்க ஒரு மேடை உண்டு, அரை மணி நேரம் போதும்.

புரோக்கன் ஹில்லுக்கு மூன்று நாள் ஒதுக்குங்கள். அது அப்பா போன்றவர்களுக்கான ஊர். பார்த்தால் அவரே சொல்வார். 1883-இல் வேலி காக்கும் வேலையில் இருந்த சார்ல்ஸ் ராஸ்ப் என்பவர் வெள்ளீயம் என்று நினைத்துக் கல்லை எடுத்தார். கிடைத்தது வெள்ளியும் ஈயமும் துத்தநாகமும். 1885-இல் பிஎச்பி என்ற பெரிய சுரங்கக் கம்பெனி பிறந்தது அங்கேதான். 1939-இல் அது அந்த ஊரை விட்டுப் போயும்விட்டது, ஊர் இருக்கிறது. தெருக்களுக்கு ஆர்ஜென்ட், சல்ஃபைட், குளோரைடு, புரோமைடு, அயோடைடு என்று பெயர். உங்கள் மகள் வேதியியல் புத்தகத்துக்குள்ளேயே நடக்கலாம்.

ஊர் நடுவே கழிவுப்பாறை மலைபோலக் குவிந்திருக்கும். அதன் உச்சியில் சுரங்கத் தொழிலாளர் நினைவிடம். 800-க்கும் மேற்பட்ட பெயர்கள். யார், எந்த ஆண்டு, எப்படி இறந்தார் என்பதுவரை. பாறை சரிந்து, குழிக்குள் விழுந்து, ஈய நஞ்சேறி. நான் பத்துப் பெயர் படித்துவிட்டு நகரலாம் என்று நினைத்தேன், ஒரு மணி நேரம் ஆனது. கீழே ஊருக்குள் தொழிற்சங்கக் கட்டடம் இருக்கிறது. 1919-இல் தொடங்கி 18 மாதம் வேலைநிறுத்தம் செய்து, வாரத்துக்கு 35 மணி நேர வேலை வாங்கியவர்கள் இவர்கள். அடுப்பு எரியாத 18 மாதம் என்றால் என்ன என்று உங்களுக்கோ எனக்கோ தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். அவரை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் நடங்கள்.

ஊரின் வடக்கே தகரத்தால் கட்டிய சின்ன மசூதி ஒன்று இருக்கிறது. ஆப்கானியர், பலூசியர், பஞ்சாபியர் என்று ஒட்டகம் ஓட்ட வந்தவர்கள் தொழுத இடம். ரயிலும் லாரியும் வருமுன் இந்த உள்நாட்டுக்கு மாவும் சர்க்கரையும் கொண்டுபோனது அவர்களுடைய ஒட்டகங்கள். வெளியிலிருந்து பார்த்தால் கொட்டகை என்று தாண்டிவிடுவீர்கள். திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

வண்டி விஷயம் கொஞ்சம். கேரவனின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு இழுக்கும் கொக்கியில் இறங்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் வால் ஆடும், ஆடினால் அடக்குவது கடினம். கனமானதைச் சக்கர அச்சுக்கு நேர்மேலே வையுங்கள். பொழுது சாய்வதற்குள் நிறுத்திவிடுங்கள், அந்த நேரத்தில்தான் கங்காரு சாலைக்கு வரும். காட்டாடுகள் பகலிலேயே மந்தையாகக் குறுக்கே வரும். பல பெட்டிகளை இழுத்து வரும் நீள லாரியான ரோடு டிரெயின் பின்னால் வந்தால் பதறி ஓரத்தில் இறங்காமல், அதே வேகத்தில் நேராகப் போங்கள், அவர்களே தாண்டிக்கொள்வார்கள். ஜூலை இரவுகள் எலும்பைக் குத்தும், அப்பாவுக்கு நல்ல கம்பளி. புரோக்கன் ஹில்லில் கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னால் தள்ளுங்கள், அந்த ஊர் தெற்கு ஆஸ்திரேலிய நேரத்தில் ஓடுகிறது. ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது அது இல்லாமல் கிளம்புவதில்லை.

எதிரே வருகிற வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். நீங்களும் தூக்குங்கள். திரும்பி வந்ததும், நினைவிடத்தில் அப்பா என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்