மைனஸ் நாற்பதில் ஒரு வரி

கேள்வி: கனடாவின் வடமேற்கு நிலப்பகுதிகளில் குளிர் மைனஸ் 40 வரை போகிறது. அங்கே வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்குக்கூடக் கார்பன் வரி போட்டார்கள். 2025இல் அரசே அதைக் கைவிட்டுவிட்டது. பருவநிலையின் பெயரால் நடந்த பகல் கொள்ளை என்று இதைச் சொல்லலாமா? – ஒரு வாசகர், ஸ்காபரோ

பதில்: சொல்லலாம், கொள்ளையடித்த பணம் எங்கே போனது என்று பார்த்துவிட்டு. கார்பன் வரியைக் கட்டாயமாக்கிய 2018ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், மற்ற இரு வட நிலப்பகுதிகளான யூகானும் நூனவுட்டும் ஒட்டாவா (அதாவது கனடாவின் மத்திய அரசு) விதித்த முறையையே ஏற்றுக்கொள்ள, வடமேற்கு நிலப்பகுதிகளின் அரசு மட்டும் தன் சொந்த வரியை 2019 செப்டம்பர் 1 முதல் வெளியாகும் கரியமில வாயு டன்னுக்கு 20 டாலர் என்று தொடங்கியது. விமான எரிபொருளுக்கு விலக்கு அளித்தது. வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய்க்கான வரியை வாங்கும் இடத்திலேயே கழித்துக்கொடுத்தது. மற்றச் செலவுகளை ஈடுகட்டக் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு தொகையும் அனுப்பியது. ஆக, நீங்கள் சொல்லும் அந்த வரி முதல் மூன்றரை ஆண்டுகளுக்கு யாருடைய அடுப்பையும் தொடவில்லை. வீட்டு வாசலிலேயே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும் கொள்ளைக்காரனை நான் பார்த்ததில்லை.

சிக்கல் 2023 ஏப்ரலில் வந்தது. வாங்கும் இடத்தில் கழித்துக்கொடுப்பது வரியின் நோக்கத்தையே கெடுக்கிறது என்று ஒட்டாவா விதியை இறுக்க, அந்தக் கழிவு நின்றது. வரியும் டன்னுக்கு 65 டாலராகி, எண்ணெய்க்கு லிட்டருக்கு 17 சதத்தைத் தாண்டியது. கொல்லையில் நிற்கும் ஆயிரம் லிட்டர்த் தொட்டியை ஒருமுறை நிரப்பினால் 170 டாலருக்கு மேல் வரி. குடும்பங்களுக்கு அனுப்பும் தொகையைக் கூட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் தொட்டி நிரம்பும் நாளில் கையிலிருந்து போவது கண்ணுக்குத் தெரியும், பிறகு வங்கிக்கு வருவது தெரியாது. இங்கே உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

விலை ஏறினால் மக்கள் வேறொன்றுக்கு மாறுவார்கள் என்பதுதான் கார்பன் வரியின் கணக்கு. ஸ்காபரோவில் காரை விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறலாம். ஆர்க்டிக் கரையிலுள்ள பாலாடக்கில் எதற்கு மாறுவது? வடமேற்கு நிலப்பகுதிகளில் மொத்தம் 33 ஊர்கள்; பல ஊர்களுக்கு மின்சாரமே டீசல் ஜெனரேட்டரிலிருந்துதான் வருகிறது. அந்த டீசலோ கோடையில் தோணியிலும் குளிர்காலத்தில் பனிச்சாலையிலும் வந்து சேர வேண்டும். தெற்கு மாகாணங்களின் மின்கட்டமைப்போடு எந்தத் தொடர்பும் கிடையாது. மாறுவதற்கு வழியே இல்லாத இடத்தில் விலையை ஏற்றினால், ஏறிய விலையைக் கொடுப்பதைத் தவிர மக்களால் வேறு எதுவும் செய்ய முடியாது. இதை ஒட்டாவாவும் 2023 அக்டோபரில் ஒப்புக்கொண்டு, சூடாக்கும் எண்ணெய்க்கு மூன்று ஆண்டு விலக்கு அறிவித்தது. (அந்த ஞானோதயம் துருவத்தை நினைத்து வந்ததல்ல, அட்லாண்டிக் மாகாண வாக்காளர்களை நினைத்து வந்தது என்பது வேறு கதை.)

மாறும் வழியை உண்டாக்கப் பணம் வேண்டும். அது வடமேற்கு நிலப்பகுதிகளின் அரசிடம் இல்லை. ஏறத்தாழ 45,000 பேர் வாழும் அந்த நிலப்பரப்பின் வருவாயில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒட்டாவாவிலிருந்து வருவது. விற்பனை வரி போடுவதில்லை. வைரச் சுரங்கங்களுக்கு விமானத்தில் வந்து வேலை பார்த்துவிட்டு அல்பர்ட்டாவில் வருமான வரி கட்டுகிறவர்களிடமிருந்து ஏதாவது பெறுவதற்காகச் சம்பளத்தின் மேல் 2 விழுக்காடு வரி பிடிக்கிறார்கள். 2014இல் நிலமும் கனிமமும் அந்த அரசின் கைக்கு வந்தபோதும், கனிம வருவாயில் பாதிதான் அதற்கு, அதற்கும் ஓர் உச்சவரம்பு. கடன் வாங்கலாம் என்றால் எவ்வளவு வாங்கலாம் என்பதையும் மத்திய அரசே முடிவுசெய்கிறது. பணம் கிடைத்த இடத்தில் வேலை நடந்திருக்கிறது: டயாவிக் வைரச் சுரங்கம் 2012லேயே அந்தக் குளிரில் நான்கு காற்றாலைகளை நிறுத்தி டீசலை மிச்சப்படுத்தியது; இனுவிக்கில் மத்திய அரசின் நிதியும் சேர்ந்து ஒரு காற்றாலை எழுந்தது.

கனடா வெளியிடும் கரியமில வாயுவில் அந்தப் பகுதியின் பங்கு ஒரு விழுக்காட்டில் கால் பங்குகூட இல்லை. ஆனால் அது செலுத்தும் விலையைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் காட்டுத்தீ நெருங்கியதால் ஏறத்தாழ 20,000 பேர் வாழும் தலைநகர் யெல்லோநைஃப் முழுவதையும் காலிசெய்யச் சொன்னார்கள். அதே வறட்சியில் ஸ்னேர் ஆற்று அணைகளில் நீர் குறைய, நீர்மின்சாரத்தை நம்பியிருந்த அந்த நகரம் கூடுதலாக டீசலை எரித்தது. வறட்சியால் டீசல், டீசலால் வெப்பம்: இந்தச் செலவு எந்த வரிப் பட்டியலிலும் வரவில்லை.

அடுத்த ஆண்டு மக்கென்சி ஆறு தோணி மிதக்க முடியாத அளவுக்கு வற்றிவிட, நார்மன் வெல்ஸ் என்ற சிற்றூருக்கு எரிபொருள் விமானத்தில் போனது. பெயரிலேயே எண்ணெய்க் கிணற்றை வைத்திருக்கும் ஊர் அது. 1920இல் அங்கே எண்ணெய் கிடைத்தது. ஊரிலிருந்த சுத்திகரிப்பு ஆலையை 1996இல் மூடிவிட்டார்கள். கச்சா எண்ணெய் குழாய்வழியே அல்பர்ட்டாவுக்குப் போனது, வீட்டுக்கு வேண்டிய எண்ணெய் வெளியிலிருந்து ஊருக்கு வந்தது. நீங்கள் கொள்ளை என்று சொல்லும் 17 சதம், அந்த ஆண்டு விமானக் கூலி ஏற்றிய விலைக்கு முன்னால் சில்லறைக் காசு.

இன்னொன்று, உங்களிடம் கேட்க வேண்டியது. உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 2024 ஏப்ரல் முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 280 டாலர் கார்பன் வரித் தள்ளுபடியாக வந்துகொண்டிருந்தது. 2025 ஏப்ரல் 1இல் நுகர்வோர் வரி நின்றது. அந்த மாதத் தவணையோடு தள்ளுபடியும் நின்றது. உங்கள் வீட்டுக்கும் அது வந்திருந்தால், வாங்கிய நாளில் அதற்கு என்ன பெயர் வைத்தீர்கள்?