கூடுதல் பட்டை போட்டபின் பிரேக்கில் வரும் ‘டக்’ சத்தம்

நண்பரே, பொலேரோ பிக்அப்பின் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கில் (பாரம் தாங்கும் இரும்புப் பட்டைகளின் அடுக்கு) பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகப் போட்டதிலிருந்து பிரேக் பிடித்தால் ‘டக்’ என்கிறது, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, பட்டைக் கட்டை அச்சோடு பிடித்திருக்கும் பழைய யு போல்ட்டையே மாட்டினார்கள் என்கிறீர்கள். கடைசியாகச் சொன்னதில்தான் எனக்குச் சந்தேகம்.

பட்டைக் கட்டு தடித்தால் பழைய யு போல்ட்டின் நீளம் போதாது. நட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மரையாவது தெரிகிறதா பாருங்கள். ஏற்கெனவே இறுக்கி இழுபட்ட போல்ட்டைத் திரும்பப் போட்டுக் காசை மிச்சம் பிடிக்கிற இடமா இது?

அடுத்து, பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட். அதன் தலை அச்சின் மேலுள்ள குழிக்குள் உட்கார வேண்டும். அது விலகியிருந்தாலோ அறுந்திருந்தாலோ அச்சு நகரும். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இருபக்கமும் டேப் பிடியுங்கள். அளவு வேறுபட்டால் சரக்கு ஏற்றவே வேண்டாம்.

புது போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நிற்கும்போது மூலைக்கு மூலை மாற்றி, கம்பெனி சொன்ன டார்க்கில் (இறுக்கும் விசை அளவு) இறுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும். பல பட்டறைகள் இதைச் சொல்வதே இல்லை.

பின் அச்சோடு கம்பியால் இணைந்த பிரேக் வால்வு இருந்தால் அதையும் சரிசெய்யுங்கள். பின்புறம் உயர்ந்துவிட்டதால், பாரம் இருந்தும் வண்டி காலி என்றே அந்த வால்வு எண்ணிப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். ஆர்சியில் உள்ள அனுமதி எடையும் இந்தப் பட்டையால் அதிகமாகிவிடாது.

டேப் அளவை எழுதுங்கள், எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம்.